ரோஸியின் காதுக்கு ஒரு ரிப் துணி

அக்கா,

பெருமாநல்லூரில் நாய்களைக் குளிப்பாட்ட ஒரு கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. நேற்று அந்தப் பக்கம் போனபோது யாரோ கதவைத் திறந்தார்கள். ஈர ரோமமும் உண்ணி ஷாம்பும் கலந்த அந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. வாசற்படியில் ஒரு லேப்ரடார் நாலு காலையும் பரப்பிப் படுத்துக் கிடந்தது. சங்கிலியை இழுக்கிறவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அது அசைந்தால்தானே! நடுத்தெரு என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் மனசு உங்களைத் தேடியது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அருள்புரத்தில் இப்படிக் கடை ஏது? பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் நின்ற நீங்கள், பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வேலையை விட்டீர்கள். வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் ஈரமுடி உலர்த்தும் புளோயரும் போட்டு நாய் குளிப்பாட்ட ஆரம்பித்தீர்கள். தூசி ஆகாதென்று போனவர் நாய் முடிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று டேபிளே கேலி செய்தது. நானும்தான்.

"மனுசங்களவிட இதுங்க சொன்ன பேச்சுக் கேக்குதுங்க கண்ணு" என்பீர்கள்.

கேட்ட லட்சணத்தைத்தான் பார்த்தேனே! கம்பெனி முதலாளி வீட்டு அல்சேஷன் தெரு முழுக்கக் குரைத்துக்கொண்டு வரும். நகவெட்டியைக் கண்டதும் மேஜைக்கடியில் போய் நடுங்கும். ஒரு குட்டைக்கால் நாய், தண்ணீர் படுவதற்கு முன்பே மூத்திரம் பெய்துவிடும். இன்னொன்று சவரத்துக்கு உட்கார்ந்த மாமா மாதிரி கண்ணை மூடிக் கழுத்தை நீட்டும். எல்லாவற்றையும் "வாங்க சாமி, காலைக் குடுங்க" என்றுதான் கூப்பிடுவீர்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மனுஷருக்கே அவ்வளவு 'ங்க' கிடைக்காது.

என் ரோஸி எந்தக் கணக்கிலும் சேராது. வெள்ளைப் பொமரேனியன் என்று பெயர், பார்த்தால் அழுக்கு மூட்டை. முடி சடை பிடித்து, அடியில் புண்ணாகி, வீடே நாறியது. வெட்ட வந்த இரண்டு பேரைக் கடித்தாயிற்று. "ஞாயித்துக்கெழமைக்குள்ள நாயி போகோணும், இல்லாட்டி நீங்க ஊட்டக் காலி பண்ணோணுமுங்க" என்று வீட்டுக்காரம்மா மரியாதையாகவே சொல்லிவிட்டார். என் கணவர் திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறை ஒன்றில் பேசி வைத்தார். காவலுக்கு வைத்துக்கொள்வார்களாம். பட்டாசுச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போகிற ரோஸி, நாளெல்லாம் கல் உடைபடும் இடத்தில்! பிள்ளை இல்லாத எங்களுக்கு அதுதான் பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி முயற்சியாக உங்களிடம் தூக்கி வந்தேன். தண்ணீருக்கும் கத்தரிக்கும் எப்படியோ நின்றது. புளோயரைப் போட்டதும் பேய் பிடித்தது போலத் துள்ளியது. நான் இறுக்கிப் பிடித்து, "ஏட்டி, சும்மா கெட!" என்று கத்தினேன். உங்கள் மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நீங்கள் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, "நீங்க வெளிய போயி நில்லுங்க கண்ணு" என்றீர்கள்.

"நான் இல்லாட்டி இன்னும் கடிக்கும்க்கா."

"இல்லீங்க. நீங்க நடுங்குறீங்க, அதும் நடுங்குது."

வெளியே வந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். புளோயர் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது, குரைப்பு கேட்கவில்லை. பயந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டீசர்ட் கழுத்துக்குப் போடுகிற ரிப் துணி மெஷினிலிருந்து குழாயாகவே இறங்குமே, அதில் ஒரு முழத்தை, நாய் துடைக்கவென்று கம்பெனியிலிருந்து வாங்கி வைத்திருந்த வேஸ்ட் மூட்டையிலிருந்து எடுத்து ரோஸியின் தலையில் மாட்டியிருந்தீர்கள். காது இரண்டும் உள்ளே, கண்ணும் மூக்கும் வெளியே. மார்கழியில் மப்ளர் கட்டிய பால்காரர் மாதிரி அமைதியாக நின்றது. பின்னலில் ஊசிக் கோடு விழுந்ததென்று டேபிளில் நானே கழித்துப் போட்ட துணியாகக்கூட இருக்கும்.

"காதைப் பொத்துனாப் போதுங்க. மிசினுன்னு தெரியாது, காத்துன்னு நெனச்சுக்கும்" என்றீர்கள்.

பஞ்சு போல வெளியே வந்த ரோஸி தெருவில் மூன்று சுற்று ஓடிவிட்டு, நேராகப் போய் மண்ணில் புரண்டது. நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு நான் வீட்டுக்குத் தூக்கிப் போன அதையே வீட்டுக்காரம்மா தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஏழு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தோம். வயதாகி, எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் ரோஸி கண்ணை மூடியது. போன ஆடியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

ஒன்றை உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். அன்று என் பையில் ரோஸியின் சோற்றுத் தட்டும் போர்வையும் இருந்தன. உங்களால் முடியாவிட்டால் அங்கிருந்தே பூண்டிக்குப் பஸ் ஏறுவதாகக் கணவரிடம் ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். புறப்படும்போது மூலையில் கிடந்த பையை நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள். உள்ளே தட்டு சத்தம் போட்டது. பையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தீர்கள்.

"மத்தியானச் சோத்த ஊட்டுலயே போடுங்க கண்ணு" என்றீர்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் பழகினோம், ஒரு நாள்கூட அந்தப் பையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பொய்யைச் சொல்ல விடாத உங்களை இன்றைக்கும் மனசில் வைத்திருக்கிறேன், அக்கா.