பதினான்காம் பக்கத்தில் ஒரு சொல்

என் கண்ணு,

உன் மகளுக்குக் கதைப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். பிழை திருத்தியது நான்தான். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிற கதை இருக்கிறதே, அதன் பழைய பிரதி கைக்கு வந்தது. அதில் விட்டுவிட்டு வருகிறவள் சித்தி இல்லை, பெற்ற தாய்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. பிற்பாடு யாரோ அந்த ஒரே சொல்லை மாற்றியிருக்கிறார்கள். கேட்கிற பிள்ளை தன் அம்மா பக்கத்தில் பயமில்லாமல் தூங்கட்டும் என்று, பழியைத் தூக்கி இன்னொருத்தி தலையில் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு, பார்!

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. "எங்கம்மாவ நீங்கதான் துரத்தினீங்க" என்று கத்தினாய். உன் அப்பா உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது.

பதிப்பாசிரியர், "பழையபடி தாய்னே போட்டுடலாமாம்மா?" என்று கேட்டார். பதினான்காம் பக்கத்தில் அந்தச் சொல்லின் மேல் வைத்திருந்த பேனாவை எடுத்துவிட்டேன்.

"சித்தின்னே இருக்கட்டும் சார். அவ தாங்குவா" என்றேன்.

குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது அந்தச் சித்திக்கு நல்ல கரகரத்த குரலாகக் கொடு. சின்ன வயசில் என்னை மாதிரிப் பேசிக் காட்டுவாயே, அதுவே போதும்.

இப்படிக்கு,
உன் சித்தி