ஆயுத பூஜையன்று எடுத்த நகல்

வியாழன், இரவு.

சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடையில் ஒரு ரசீது வர ஐந்து நிமிடம் ஆனது. வெளியே டிராக்டர் வரிசை. "இன்னா சார், வெட்டின கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது, எடை கம்மியாயிடும்ங்க" என்றார் கச்சிராயபாளையத்து விவசாயி.

ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மூன்று நாளாகக் கேபிள் மாற்றினேன். இன்றுதான் எடையெல்லாம் பதிவாகும் சர்வருக்குள் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு அதை நிறுத்திப் பொட்டு வைக்கும் முன், பத்திரத்துக்கு ஸ்னாப்ஷாட் என்ற நகலை எடுத்தவன் நான்தான். அழிக்க மறந்திருக்கிறேன். அன்று முதல் ஒவ்வொரு எடையும் அந்த நகலின் மேல் அடுக்கடுக்காகத்தான் பதிவாகியிருக்கிறது. அரவை தொடங்கி எடைகள் குவிந்ததும் சர்வர் திணறிவிட்டது.

அழித்தேன். ரசீது உடனே வந்தது. வரிசை நகர்ந்தது. அப்பாடா.

"எவன் சார் இப்படிப் பண்ணி வெச்சான்?" என்றார் அதே விவசாயி.

"கேபிள்தாங்க" என்றேன்.

நல்ல கேபிள் அது.