குட்டைக்குப் போன ஜீப் தடம்

அண்ணா,

இன்று திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். "சாப்டு பாரும்மா, புதூர்நாட்டு மலைப் பழம்" என்று ஒரு சுளையை நீட்டினாள். வாசனை மூக்கில் ஏறியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பேருந்தின் பின்னால் போய் நின்றேன். பார்த்தால் மலைக்காரி மாதிரி இருக்கிறாள், பலாப்பழத்துக்கு இப்படி ஓடுகிறாளே என்று அவள் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஒரு காலத்தில் அந்த வாசனையோடுதான் நான் ஊரைவிட்டுப் போனேன், வந்தேன். வேலூரில் நர்சிங் படித்த நாட்களில் உன் ஜீப்பில்தான் மலையிறங்குவேன். ஆட்களைவிடப் பழங்கள்தான் அதில் அதிகம். முன்சீட்டை எனக்கென்று வைத்திருப்பாய். வழியில் வயதானவர் யாராவது கைகாட்டினால் என்னைப் பின்னால் அனுப்பிவிட்டு அவரை ஏற்றிக்கொள்வாய். பலாப்பழங்களின் மேல் உட்கார்ந்து, முள் குத்தக் குத்த, கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வருவேன். "ஹாஸ்டல்ல மோந்து பாத்தே கண்டுபுடிச்சிடுவாளுங்க பாப்பா, மலையிலேர்ந்து வந்துட்டான்னு" என்று சிரிப்பாய்.

அதே பழத்தைத்தான் அவன் கரடிக்கு வைத்தான்.

நீ அவனை 'சார்' என்றே கூப்பிட்டாய். நான் அவன் என்றுதான் எழுதப் போகிறேன். மலையடிவாரத்தில் லாட்ஜ் கட்டிக்கொண்டு வந்தவன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனிக்கிழமை மாலை வந்து இறங்குகிறவர்களை மறுநாள் விடியலில் ஜீப்பில் ஏற்றி, மதியச் சாப்பாட்டுக்குள் காட்டைக் காட்டித் திருப்பி அனுப்புவதுதான் அவன் தொழில். நகரத்துக்குப் பக்கத்திலேயே காடு, அரை நாளில் கரடி என்று விளம்பரம் செய்தான். காப்புக்காட்டுக்குள் வண்டி போக அனுமதி கிடையாது. அதனால் காட்டை ஒட்டியிருந்த நம் பட்டா நிலத்தின் வழியாகத் தடம் போட்டு, கோடியில் இருக்கும் குட்டைவரை போனான். அவனிடம் நீ டிரைவராகச் சேர்ந்திருந்தாய். நம்ம சார்தானே, போய்விட்டுப் போகட்டும் என்று நீதான் வரப்பை வெட்டி வழி விட்டாய்.

வந்தவர்களுக்குக் கரடி தென்படாத நாட்களில் முகம் வாடியது. அதன் பிறகுதான் அவன் புதருக்கடியில் பழம் பிளந்து வைக்க ஆரம்பித்தான். நீ அதைப் பற்றி வீட்டில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கேழ்வரகுக் களியைப் பிசைந்தபடி, கரடி மனுஷ வாசனைக்குப் பழகிவிட்டால் அப்புறம் ஊருக்குள் வரும் என்றாய். சாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன், சிரிக்கிறார் என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினால், அவன் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்தது நீ. முகத்தில் எது எந்த இடம் என்று தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை. அவன் வாசலோடு நின்றான். முகக்கவசத்துக்கு மேலே இருந்த என் கண்களை அவன் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகளை ரயிலுக்கு விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆம்புலன்சில் நான்தான் உன்னோடு வந்தேன். என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தேன் அண்ணா. என் கைகள் ஒரு நர்சின் கைகளாகவே இருந்தன. வாணியம்பாடி லாரி ஒன்று வளைவில் வழிவிட ஒதுங்கி நின்றபோது நீ பேசினாய்.

"பாப்பா, சார்தான் எறங்கி போட்டோ எடுங்கன்னாரு. நான் வேணாம்னேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலியே?"

முதுகில் குட்டிகளைச் சுமந்துகொண்டு வந்த கரடிக்கும், போனைத் தூக்கிப் பிடித்து நின்ற ஒரு பெண்ணுக்கும் நடுவில் நீ போய் நின்றிருக்கிறாய். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை உன்னிடம் சொன்னேன். கேட்டதா என்று தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது நீ இல்லை.

காகிதத்தில் வன விலங்கு தாக்கி மரணம் என்று எழுதினார்கள். அது சரிதான். வாய்ப்பேச்சில்தான் அவன் உன்னை இரண்டாம் முறை கொன்றான். டிரைவர் நன்றாகக் குடித்திருந்தான், தடுக்கத் தடுக்கக் கேட்காமல் கரடிக்குப் பக்கத்தில் போனான் என்று லாட்ஜில் சொன்னான், டீக்கடையில் சொன்னான், விசாரிக்க வந்த எல்லாரிடமும் சொன்னான். உன் சாவுக்கு வந்தவர்களே அரைகுறையாகத் தலையாட்டினார்கள். நம் அப்பா எப்படிப்பட்டவர் என்று ஊருக்குத் தெரியுமே, மகனும் அப்படித்தானே இருப்பான்.

அப்பா தள்ளாடிக்கொண்டு வரும் நாட்களில் நீ என்னை இழுத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிடுவாய். கீழே பாத்திரங்கள் உருளும். நான் அழாமலிருக்க உன் உள்ளங்கையில் புளியம்பிஞ்சு வைத்திருப்பாய். "நான் அதத் தொடவே மாட்டேன் பாப்பா" என்று அங்கே வைத்துத்தான் சொன்னாய். கல்யாண வீட்டில்கூட நீ தொட்டதில்லை. உன் வாயருகே குனிந்து உன் மூச்சை எண்ணியவள் நான். அதில் ரத்த வாசனை இருந்தது. வேறெதுவும் இல்லை.

உன் மகளிடம் பள்ளியில் ஒருத்தி கேட்டாளாம், உங்கப்பா குடித்துவிட்டுக் கரடியிடம் சண்டை போட்டாராமே என்று. அண்ணி என்னிடம் அதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை, ஆனால் அவனை விடுவதில்லை என்று.

ஒரு வருடம் பொறுத்தேன். அவன் தொழில் நிற்கவில்லை, இன்னும் பெரிதாகியிருந்தது. என்னோடு படித்த வாணியம்பாடி ஷபானாவிடம் சொல்லி, அவள் பெயரில் இரண்டு இடம் பதிவு செய்தேன். சுடிதார் போட்டுக்கொண்டு, குளிர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு, பட்டணத்துக்காரி மாதிரி போய் ஏறினேன். ஷபானா பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நீ வாயத் தொறக்காத. அவன் இன்னா சொல்றான்னு மட்டும் கேளு" என்றாள்.

நம்ப மாட்டாய், அந்தக் காலை அவ்வளவு அழகாக இருந்தது. பனி பள்ளத்தில் தங்கியிருந்தது. மயில் ஒன்று சாமைக்காட்டிலிருந்து எழுந்து பறந்தது. மலை அணில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. வண்டியில் இருந்தவர்கள் கெட்டவர்களில்லை. ஒரு குடும்பம், ஒரு புதுக் கல்யாண ஜோடி. மானைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உன் சீட்டில் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவன் அவருக்குப் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தான்.

குட்டையை நெருங்கியதும் வண்டியை நிறுத்தச் சொன்னான். குரலைத் தாழ்த்தினான்.

"இங்கதாங்க ஒரு சம்பவம் நடந்திச்சு. நம்ம பழைய டிரைவர். காலையிலயே ஃபுல்லா ஏத்திட்டு வந்துட்டான். கரடியப் பாத்ததும் கட்டிப்பிடிக்கப் போய்ட்டான்."

வண்டியில் சிரித்தார்கள். அவன் கைகாட்டிய குட்டையோரப் பாறையை அந்தப் புது மாப்பிள்ளை படம் எடுத்தான். உன் சாவு அவனுடைய அரை நாள் பயணத்தில் ஓர் இடமாகிவிட்டிருந்தது அண்ணா. மான், மயில், அணில், அப்புறம் நீ. பாறைக்குக் கீழே புதரில் பிளந்த பழம் கிடந்தது. வாசனை வந்தது. ஷபானாவின் நகங்கள் என் கையில் இறங்கின. நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டி ஒரு மேட்டில் ஏறித் தடாலென்று இறங்கியது. என் தலை கம்பியில் இடித்தது. வெளியே பார்த்தேன். நீ வெட்டிவிட்ட வரப்பு. இடப்பக்கம் நம் புளியமரம். இத்தனை நாளும் அவனை எங்கே பிடிப்பது என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் தொழில் முழுவதும் நம் நிலத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் காப்புக்காடு. குட்டைக்கு வேறு வழியே கிடையாது.

மாலையில் அண்ணியிடம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பாறையைப் படம் எடுத்தார்கள் என்று சொன்னபோது, முறத்தைக் கீழே வைத்தாள்.

"உழுதுடலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆடி மழை இறங்கியிருந்தது. ஜீப் ஓடி ஓடித் தடம் கல்லாகக் கிடந்தது. ஏர் முதல் சாலில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஏர் ஓட்டியவர் பேசாமல் விட்டுவிடலாம் என்றார். நானும் அண்ணியும் கடப்பாரையால் பெயர்த்துக் கொடுத்தோம், அவர் பின்னாலேயே உழுதார். என் கைகளில் கொப்புளம் வந்து உடைந்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. தடத்தின் இரண்டு முனையிலும் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு, நடுவில் சாமை விதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து முள்ளுக்கு முன்னால் நின்றது. நான் வேலிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அவன் இறங்கி வந்தான். என்னை ஊர்க்காரி என்று நினைத்து, யாரைக் கேட்டு அடைத்தாய் என்று அதட்டினான். நான் யார் என்று சொன்னேன். உன்னை ஜீப்பிலிருந்து இறக்கிய நர்ஸ் என்றும் சொன்னேன். போன வாரம் அவன் வண்டியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவன் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் ஒரு வருடம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது.

வாடகை தருகிறேன் என்றான். வேலை தருகிறேன் என்றான். ஊர்ப் பெரியவர்களை அனுப்பினான். அவர்களும் வந்து, பத்துப் பேர் பிழைப்பு அம்மா என்று பேசிப் பார்த்தார்கள். வாரங்கள் போயின. சாமை முளைத்துப் பச்சை கட்டியது. லாட்ஜுக்கு வந்தவர்கள் வெறும் மரங்களைப் பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவனே தனியாக, செருப்பைக் கழற்றிவிட்டு நம் வாசலில் வந்து நின்றான்.

"இன்னாதாங்க வேணும் உங்களுக்கு?"

"சந்தைக்கு வா. அன்னிக்கு இன்னா நடந்திச்சோ, அத எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் பேசலாம்" என்றேன்.

வந்தான் அண்ணா. சந்தை நாளில், புளி மூட்டைகளுக்கும் தானியக் குவியல்களுக்கும் நடுவில், வியாபாரம் நின்று எல்லாரும் திரும்பிப் பார்க்க நின்றான். அண்ணியும் உன் மகளும் முன்னால் நின்றார்கள். முதலில் சுற்றி வளைத்தான். நேராகச் சொல் என்று அண்ணி சொன்னாள், சத்தம் போடாமல்.

"அவரு குடிக்கல. நான்தான் எறங்கச் சொன்னேன். அவரு வேணாம்னாரு. அந்தப் பொண்ணக் காப்பாத்தத்தான் போனாரு. பழம் வச்சதும் நான்தான்."

உன் சாவில் தலையாட்டிய ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். உன் மகள் அழவில்லை. அவன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் அவன் என் பின்னாலேயே வந்தான். நாளைக்கு முள்ளை எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

"எடுக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றேன்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை எரித்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

இப்போது லாட்ஜ் பூட்டிக் கிடக்கிறது. ஜீப்புகளை விற்றுவிட்டுப் போய்விட்டான். அங்கே பாத்திரம் தேய்த்த இரண்டு பெண்கள் என்னிடம் ஊசி போட்டுக்கொள்ள வரும்போதும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அண்ணிகூட அன்றிரவே கேட்டாள், அவன்தான் சொல்லிட்டானே, விட்டுடேன்டி என்று. கோபம் உன்னைத் தின்றுவிடும் என்கிறாள் ஷபானா. இல்லை, நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் தூங்குகிறேன். குட்டைக்கு இப்போது கரடி குட்டிகளோடு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறதாம். அதன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

நீ இருந்திருந்தால் சந்தையிலேயே அவன் தோளில் கைபோட்டு, விடுங்க சார் என்றிருப்பாய். மறுநாள் விடியும் முன்பே போய் முள்ளை நீயே இழுத்துப் போட்டிருப்பாய். ஊரில் எல்லாரும் இதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள், உங்கண்ணன் மன்னித்திருப்பான் என்று. எனக்கு அது தெரியாதா? உன்னை அவர்களைவிட எனக்குத் தெரியும்.

மன்னிக்கிறவனைத்தான் அவன் கொன்றுவிட்டான். மிச்சம் இருப்பது நான்.

உன்,
பாப்பா