முதுகில் சின்னவன் பெயர்

பிப்ரவரி 6

அன்புள்ள பெரியவனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டு மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. பதிலுக்கு வந்தது ஒரே ஒரு போட்டோ. பந்து பிடிக்கிற கைக்குப் பேனா பிடித்தால் வலிக்கிறதா? இங்கே அகதி முகாம் போனில் கூப்பிடுகிறாய், சரி. ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கிறாள். அவள் காதுக்காக உன்னைச் சின்னவன் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டியிருக்கிறது. மனசில் இருப்பதைப் பேச இந்தக் காகிதம்தான் உண்டு. இங்கே மருத்துவக் கூடத்து நர்ஸம்மா ஊருக்குப் போகும்போது தன் கையாலேயே தபாலில் சேர்க்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற நாட்டுக்கு என்னை அழைத்துக்கொள்ள நீ போட்ட மனு நகர ஆரம்பித்துவிட்டது. மனுவை விசாரிக்கும் அதிகாரி வந்தார். வயசானவர், நல்ல மனுஷர். மருத்துவக் கூடத்தில் நான் போர்வை அலசிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, ஈரக்கையைத் துடைக்கும்வரை காத்திருந்தார். நம் பழைய ஊர்ப் பதிவேட்டிலிருந்து மாமா எடுத்து அனுப்பிய குடும்ப அட்டையை விரித்தார். நான், நீ, சின்னவன், மூன்று பேரும் வரிசையாக இருக்கிறோம். உன் பெயர்மேல் விரலை வைத்து, "இவர் எங்கம்மா?" என்றார்.

தலை சுற்றுகிறது, பிறகு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். நடிப்பில்லை, நிஜமாகவே சுற்றியது. ஏப்ரல் கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டுமாம்.

எட்டு வருஷம் முன்னால் இதே முகாம் வாசலில், பதினைந்து வயசு தாண்டிய ஆண்பிள்ளைகளை வேறு முகாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே போனால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பேச்சு இருந்தது. உனக்குப் பதினேழு. சின்னவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவன் பிறப்புச் சான்றிதழ் என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். ஒட்டடைக்கம்பு மாதிரி நின்ற உன்னைக் காட்டி, இவன்தான் அவன், பதினாலு வயசு என்றேன். மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பேப்பரில் நீதான் சின்னவன். அன்று வாயைத் திறந்ததும் பொய் வந்துவிட்டது. இப்போது என்ன சொல்லட்டும்? யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் நாலு தடவை படித்தேன், அதற்காவது என்னைத் திட்டாமல் இரு.

முதலில் நல்ல செய்தி. கூடைப்பந்து கிளப் எனக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்துவிட்டது. இனி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டும் வேலை இல்லை, ஆட்டம் தொடங்கும்போதே இறங்கும் ஐந்து பேரில் நானும் ஒருவன். முகாமில் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் வெறும் வளையத்தைக் கட்டி ஆடினேனே, பின்னால் பலகை கிடையாது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பலகையில் தட்டிப் போட வேண்டிய பந்தையும் நேராக வளையத்துக்குள்தான் போடுகிறேன். கோச் முதல் வருஷம் முழுக்கத் திட்டினார். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவன் செய்வதை மட்டும் பார்த்துக் கற்காதீர்கள், ஆனால் இவனுக்கே பந்தைக் கொடுங்கள் என்கிறார்.

முட்டியைப் படம் எடுத்த டாக்டர், "இருபத்திரண்டு வயசுக்கு இது ரொம்ப உழைச்ச முட்டியா இருக்கே" என்றார். சின்ன வயசிலிருந்து ஓட்டம்தான் என்று சிரித்து மழுப்பினேன். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து என்று அந்த முட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

அக்கா, நீ மூளையைக் கசக்க வேண்டாம். பெரியவன் வழியில் இறந்துபோனான் என்று எழுதிக் கொடு. ஒரே வரி. மனு நேராகிவிடும், நீ இங்கே வந்துவிடுவாய். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமல்லவா? பொய்ப் பேப்பரில் ஆடியவனை இந்தக் கிளப் மட்டுமில்லை, எந்தக் கிளப்பும் சேர்க்காது. அதோடு என் ஆட்டம் முடிந்தது.

இரண்டு அறை வீடு எடுத்திருக்கிறேன். ஜன்னல் வைத்த அறை உனக்கு. கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். நான் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்குகிறது, அதனால் அது உன்னுடையதுதான்.

அன்புள்ள தம்பி


மார்ச் 14

பெரியவனுக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டு வரிசைக்கே போகவில்லை. நர்ஸம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எழுதிக் கொடு, ஒரே வரி என்கிறாய். உயிரோடு இருக்கிறவனை நான் என் கையால் சாகடிக்க வேண்டும். செத்தவனை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாலைத் திருப்பத்தில் மண்வெட்டி இல்லாமல் சாப்பாட்டுத் தட்டால் சின்னவனுக்குக் குழி தோண்டினோமே, உனக்கு மறந்துவிட்டதா? அதே தட்டைக் கழுவி அதில்தான் மறுநாள் சாப்பிட்டோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு சாவுகூட எழுத்தில் கிடையாது. நான்தான் திருடினேன், ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை திருடியவள்தானே, இன்னொரு முறை செய்தால் என்ன என்று நீ கேட்கிறாய்.

என்னால் முடியாது. வேறு வழி ஏதாவது யோசி. உன் கோச்சிடம் பேசிப் பார். அவர் நல்லவர் என்று நீதானே எழுதுகிறாய்.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

கோச் நல்லவர்தான். நல்லவர் என்பதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா? முகாமில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். இங்கே காலையில் எழுந்ததும் இரண்டு முட்டிக்கும் ஐஸ் கட்டிக்கொண்டு, வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு ஓடுகிறவன் நான். என் சட்டையின் முதுகில் அவன் பெயர். நான் பந்தைப் போட்டால் மூவாயிரம் பேர் எழுந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். உன்னை விட்டு இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது, என் பெயரை யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும் அது இனிக்கிறதா?

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவள் நீ. அன்று என்னைக் கேட்டா சான்றிதழை நீட்டினாய்? நான் அந்த லாரியில் போயிருந்தாலும் பிழைத்திருப்பேன். போன எல்லோரும் செத்தா போய்விட்டார்கள்?

கையெழுத்துப் போடு, அல்லது அங்கேயே இரு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

போட்டுவிட்டேன். நீ சொன்னபடி ஒரே வரி. பெரியவன் வழியில் காய்ச்சலில் இறந்தான் என்று எழுதி, கீழே சத்தியக் கையெழுத்தும் போட்டேன். அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அழுததைப் பார்த்து அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு வந்த அழுகை பொய்யில்லை.

ஜூனில் பயணம் இருக்கும் என்றார். வருகிறேன். உன் வீட்டில் சமைத்துப் போடுகிறேன், துணி துவைத்துத் தருகிறேன். லாரியைப் பற்றி மட்டும் இனி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தைப் பெட்டியில் போட்ட மறுநாளே திரும்பப் போய்த் தபால்காரரிடம் கேட்டேன். போட்டது போட்டதுதான் என்று சொல்லிவிட்டார். என்னை மன்னித்துவிடு. அப்படி எழுதியவன் கையை உடைக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். கிளப் பத்திரிகைக்காக ஒரு பெண் வந்தாள். கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டாள். ஒரு அக்கா, ஒரு அண்ணன், அண்ணன் வழியில் இறந்துபோனான் என்றேன். உனக்குச் சொல்லிக் கொடுத்த பொய்யை நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அண்ணன் எப்படி இருப்பான் என்றாள். எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் சின்னவன்தான். அவன் தூக்கத்தில் கணக்கு வாத்தியாரிடம் கெஞ்சுவது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வருவது, எல்லாவற்றையும் அண்ணன் என்று சொன்னேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவனிடமிருந்து வயசை எடுத்தேன், பெயரை எடுத்தேன், கடைசியில் மிச்சம் இருந்ததையும் எடுத்துவிட்டேன் அக்கா.

அடுத்த நாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒப்பந்தம் போனது. இனி எந்தக் கிளப்பும் இல்லை. கோச் வாசல்வரை வந்தார். "மொத நாளே சொல்லியிருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன்டா" என்றார். அது உண்மையா, ஆறுதலா, தெரியவில்லை.

பயப்படாதே. வக்கீலைப் பார்த்தேன். என்னை நாட்டைவிட்டு அனுப்ப மாட்டார்களாம், பதினேழு வயசில் நடந்தது என்பதால். உன்னை அழைக்கும் உரிமையும் இருக்கிறதாம். நான்தான் பெரியவன், சின்னவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்த வாக்குமூலம் உன் அதிகாரிக்கே போகிறது. இனி நீ எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர். கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஏணி இல்லாமல் மேல் தட்டை எட்டுகிறேன் என்று மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம்.

உன் பெரியவன்


மே 21

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் கடிதமும் அதிகாரியும் ஒரே வாரத்தில் வந்தார்கள். நீ எழுதியது வருமுன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்ற என் கடிதம் உனக்குக் கிடைத்தபோது நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாய். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அவர் மேஜையில் இரண்டு தாளை வைத்தார். ஒன்றில் பெரியவன் செத்துவிட்டான் என்கிறேன் நான். இன்னொன்றில் நான்தான் பெரியவன் என்கிறாய் நீ. "இதுல எதும்மா உண்மை?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவரே சொன்னார், என் தாள்தான் உண்மை என்றால், உன்னுடையது மனக் குழப்பத்தில் எழுதியது என்று வைத்துக்கொள்ள முடியும், மூத்தவள் சாட்சிக்குத்தான் எடை அதிகம். நான் ஜூனில் புறப்படலாம். உன் கிளப்பும் ஒருவேளை உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் தாள் பொய் என்றால், பொய்ச் சத்தியத்துக்கு ஐந்து வருஷம் மனுப் போட முடியாது.

ஜன்னல் வைத்த அறையை நினைத்தேன், மறைக்க மாட்டேன். உன் முட்டியையும் நினைத்தேன். பிறகு சொன்னேன்: "பெரியவன் உயிரோடதான் இருக்கான் சார். செத்தது சின்னவன்."

எட்டு வருஷத்தில் வாய்விட்டு அதைச் சொன்னது அன்றுதான். எங்கே, எப்போது என்று கேட்டார். திருப்பத்தையும், தேதியையும், தட்டையும் சொன்னேன். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத்தான் ஐந்து வருஷம் என்று முத்திரை குத்தினார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ கோபத்தில் எழுதியது சரிதான். அதற்கு முன்னால் லாரியில் போனவர்களில் நிறையப் பேர் பிழைத்திருந்தார்கள். அன்றே அதை அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள், என் காதில் விழுந்தது. உனக்கு ஆபத்து என்று பயந்து நான் அந்தச் சான்றிதழை நீட்டவில்லை. அந்த இடத்தில் தனியாக இருக்கப் பயந்தேன், அவ்வளவுதான். அதற்காகத்தான் உன் பெயரை உன்னிடமிருந்து எடுத்தேன். நீ பட்டதெல்லாம் அதனால்தான்.

இப்போது ஐந்து வருஷம் தனியாக இருக்கப் போகிறேன், பெரியவனே. பயமாகத்தான் இருக்கிறது. இருந்துகொள்வேன்.

உன் அக்கா