முப்பத்திரண்டு டிக்

ஜனவரி 27, செவ்வாய்

வாரம் மூன்று ஊசி: திங்கள், புதன், வெள்ளி. நானே குத்திக்கொள்ள வேண்டும். குத்தியதும் சமையலறை நாள்காட்டியில் பென்சிலால் ஒரு டிக். இது என் வீட்டுக்காரர் செய்த ஏற்பாடு.

நேற்று டிக் அடித்தேன். ஊசி போடவில்லை.

தொடையெல்லாம் கட்டி கட்டியாகச் சிவந்து கிடக்கிறது, இனி எங்கே குத்துவது? போன வருஷம் கண் மங்கி, விரல் மரத்துப்போனபோது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்குமாம்; அது மறுபடி தாக்காமலிருக்கத்தான் இந்த ஊசி. இப்போது கண் தெளிவு, கை சொன்னபடி கேட்கிறது. நல்லாத்தானே இருக்கேன்? ஒரு ஊசி விட்டால் குடி முழுகிவிடுமா?

பிப்ரவரி 13, வெள்ளி

இன்றும் டிக் மட்டும். ஊசி போடாத நாளில் நான் நோயாளி இல்லை. என்ன சுகம்!

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலிருந்து, கம்பெனியில் துணி வெட்டப் போடும் சாக்குக்கட்டிக் கோடு இரண்டிரண்டாகத் தெரிகிறது. பக்கத்து இஸ்திரி மேஜையின் ஆவிதான் காரணம். சூடு பட்டால் கண் மங்கும், ஆறினால் சரியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒரு நாளைத் தாண்டினால் உடனே வரச் சொன்னார். முகம் கழுவிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, புதன்

அப்படியே இருக்கிறது. போகவில்லை. டிக் அடித்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பள்ளிச் சீருடை, சட்டையின் முன்பக்கம், அறுபது அடுக்குத் துணி ஒரே வெட்டில். பதினெட்டு வருஷமாக நான் கட்டிங் மாஸ்டர்; என் கத்தி கோட்டை விட்டு நகர்ந்ததில்லை. இன்று இரண்டு கோட்டில் இல்லாத கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். அறுபதும் அரை அங்குலம் குறைச்சல்.

ரேடியோ ஒரு துண்டை எடுத்து அளந்தாள். தையல்காரி, வாய் ஓயாததால் அந்தப் பெயர். இன்னொரு துண்டையும் எடுத்து அளந்தாள்.

"எல்லாம் இந்த இஸ்திரி சூடுடி" என்றேன்.

"மாஸ்டர், இன்னைக்கு இஸ்திரியே போடலையே."

ஐயோ.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. காலையிலிருந்து விரல் நுனியும் மரத்திருக்கிறது. மூளை ஸ்கேனில் புதிதாக மூன்று புள்ளிகள். "ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் செல்போனில் நாள்காட்டியின் படத்தைக் காட்டினார். "ஒண்ணுகூட விடல டாக்டர். இவ ரொம்பக் கறாரு." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அப்ப இந்த மருந்து இவங்களுக்குக் கேக்கல. வலுவானதுக்கு மாறணும்."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொட்டு சொட்டாக ஏற்றும் மருந்தாம். தாக்குதலை நன்றாகக் குறைக்கும், ஆனால் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளலாம். எதுவும் நோயை அடியோடு தீர்க்காது. இப்போதைய தாக்குதலை அடக்க நாளையிலிருந்து மூன்று நாள் ஸ்டீராய்டு.

தலையாட்டிவிட்டு வந்தேன். கல்லுளிமங்கி.

ஏப்ரல் 12, ஞாயிறு

மருந்து கேக்கலையாம். போட்டாத்தானே கேக்கும்! தப்பு அளவைக் கொடுத்துட்டு அப்புறம் சட்டை இறுக்குதுன்னு வர்றவங்களை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன்! என் பொய்யை வைத்துத்தான் டாக்டரம்மா எனக்கு அளவெடுத்திருக்கிறார். வலுவான மருந்து தேவையா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஏப்ரல் 13, திங்கள்

பீரோவில் ஒளித்திருந்த பையை டாக்டரம்மாவின் மேஜையில் கவிழ்த்தேன். முப்பத்திரண்டு ஊசிகள். "நான் போடல டாக்டர். டிக் மட்டும்தான் போட்டேன்." பக்கத்தில் இவர். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. திரும்ப அதே ஊசி, இல்ல தினமும் மாத்திரை, இல்ல ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஏத்துறது. மூணுல எதை உங்களால விடாம எடுத்துக்க முடியும்? யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் இவர் நாள்காட்டியைக் கழற்றிச் சுருட்டினார். "வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஊசி இனி ஆகாது. மாத்திரை — யாரும் பார்க்காதபோது தினம் விழுங்க வேண்டியது. என்னை எனக்குத் தெரியாதா? ஏற்றும் மருந்தைப் பீரோவில் ஒளிக்க முடியாது. தொற்று என்றால் பயம்தான். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் முடித்துத்தான் ஏற்றுவார்களாம். டாக்டரம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஜூன் 8, திங்கள்

முதல் தடவை இரண்டு பாதியாக ஏற்றுவார்கள். இன்று முதல் பாதி. தொண்டை அரித்தது, வேகத்தைக் குறைத்தார்கள். இவர் நாற்காலியை விட்டு நகரவில்லை.

ஜூன் 24, புதன்

நேற்று முன்தினம் இரண்டாவது பாதியும் ஏறிவிட்டது. இரட்டைக் கோடு போய்விட்டது. விரல் நுனி மரத்தது மரத்ததுதான். கத்தியை ரேடியோவிடம் கொடுக்கும்படி முதலாளியிடம் நானே சொன்னேன். இனி கோடு போடுவது மட்டும் நான். மேஜை ஜன்னலோரம், இஸ்திரிக்கு எட்டாத தூரத்தில்.

"வெட்டிடவா மாஸ்டர்?"

"இரு. நீயும் ஒருதடவை அளந்து பாரு" என்றேன். என் கோட்டை இன்னொருத்தர் அளப்பது இதுவே முதல் தடவை.

வீட்டில் சமையலறை ஆணியில் நாள்காட்டி மறுபடி தொங்கியது. இவர் பென்சிலோடு நின்றார். "திங்கட்கிழமைக்கு டிக் போடணுமே."

"நீங்களே போடுங்க. கூட இருந்து பாத்தது நீங்கதானே."

பென்சிலை என் கையில் வைத்தார். "நீ போட்டாத்தான் கணக்கு."

மரத்த விரலில் பென்சில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் போட்டேன்.