கிரேக்கத் தீவில மாதா திருநாள்

மரியே வாழ்க

இஷொய், டென்மார்க்
31.8.1986

அன்பு மகள் மேரிகிறேஸுக்கு,

மொன்றியலில நீயும் அவரும் சுகமாயிருக்கிறியள் எண்டு உன்ர கடிதத்தில கண்டு ஆறுதல். எங்களுக்கும் மாதாவின்ர புண்ணியத்தில ஒரு குறையும் இல்லை, என்ர முழங்கால் மட்டும் தன்ர பாட்டில நோகுது. உன்ர தம்பி யேசுரட்ணம் கோல்டிங்கில வேலைக்குப் போறான், ஞாயிறுகளில ரெலிபோன் எடுக்கிறவன், சாப்பிட்டதைத் தவிர வேறொண்டும் சொல்லான். இப்ப ஒரு புதினம். நானும் அப்பாவும் கிரேக்க நாட்டில ஒரு சின்னத் தீவுக்குப் போய் வந்திட்டம். அப்பாவின்ர பாக்டரி ஆக்கள் கோடை லீவுக்கு ஒண்டாப் போறவை, இந்த முறை எங்களையும் வரச்சொல்லி விடேல்லை. முப்பத்தெட்டு டெனிஷ்காரரும் நாங்கள் ரெண்டு பேரும். அப்பா வரமாட்டன் எண்டுதான் நிண்டவர். அங்க ஓகஸ்ட் பதினைஞ்சில, எங்கட மடுத் திருநாள் அண்டைக்கே, மாதாவுக்குத் திருநாள் எண்டு வழிகாட்டிப் பிள்ளை சொன்ன பிறகுதான் சூட்கேஸை இறக்கினவர்.

உனக்குத் தெரியாததில்லை, நீ பதிவுக் கந்தோரில சைவப் பிள்ளை நித்தியானந்தனை முடிச்ச நாளிலயிருந்து அவர் உன்ர பேரை வாயில எடுக்கிறதில்லை. மன்னாரில பதினெட்டு வருசம் கோயில் மூப்பராய் இருந்த மனுசன். நான் உன்ர கடிதத்தைச் சத்தமாய் வாசிச்சால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார். எழும்பிப் போறதும் இல்லை.

தீவில பாக்கிறதுக்கும் செய்யிறதுக்கும் கனக்க இருக்கெண்டு ஒரு தாள் தந்தவை. டெனிஷ்காரர் கடற்கரையில கருவாடு மாதிரி ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காய்ஞ்சினம். கழுதையில ஏறி மலைக்குப் போச்சினம். அப்பா சப்பாத்தும் போட்டு, சேட்டின்ர மேல் பொத்தானும் பூட்டிக்கொண்டு நிழலில இருந்தவர். வள்ளத்தில போய் மீன்பிடி பாக்கிறதும் தாளில இருந்தது, மன்னாரான் அதுக்கு ஏன் பிளேன் ஏறவேணும் எண்டு கேட்டார். சாப்பாடு குறை சொல்லேலாது. எட்டுக் காலுள்ள பேய்க்கணவாயை உடுப்புக் காயப்போடுற மாதிரிக் கயித்தில போட்டிருந்து, பிறகு தணலில சுட்டுத் தேசிக்காய் பிழிஞ்சு தருவினம். தக்காளியில ஒரு வடை சுடுகினம், உழுந்தில்லை, ஆனால் வடைதான். திருநாள் வரைக்கும் ஊர்ச்சனம் இறைச்சி தொடாது, ஒருசந்தி. அது அப்பாவுக்குப் பிடிச்சுக்கொண்டுது. நாங்களும் தொடேல்லை.

பதினைஞ்சாந் திகதி காலமை மாதாவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தவை. சொரூபம் இல்லை, வெள்ளித் தகடு அடிச்ச படம். அங்கத்தைய சுவாமியாருக்குத் தாடியும் இருக்கு, மனுசியும் இருக்கு. அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, மாதா ஒராள்தானே எண்டார். அங்க ஒரு வழக்கம், வீட்டுக்காரர் எல்லாற்ற பேரையும் ஒரு துண்டில எழுதிக் குடுத்தால் சுவாமியார் பாண் ஆசீர்வதிக்கேக்க வாசிப்பார். வழிகாட்டிப் பிள்ளை எங்களுக்கும் ஒரு துண்டு தந்தாள். அப்பா எழுதினவர், நான் எட்டிப் பாக்கேல்லை. தமிழில எழுதிப்போட்டார். சுவாமியார் கனக்கத் துண்டு வாசிச்சு, எங்கடையில வந்து நிண்டிட்டார். கவிட்டும் பார்த்தார், நிமித்தியும் பார்த்தார். பிறகு சனத்துக்குள்ள தேடி, அந்தத் தீவில ரெண்டே ரெண்டு கறுப்பு முகந்தானே, அப்பாவைக் கையால கூப்பிட்டு நீயே வாசி எண்டு துண்டை நீட்டினார்.

அப்பா போய் நிண்டார். முதல் என்ர பேர் அருமைநாயகி, அடுத்தது யேசுரட்ணம் எண்டு வாசிச்சார். பிறகு பேசாமல் நிண்டார். துண்டு முடிஞ்சுது எண்டு நான் நினைச்சன், சுவாமியாரும் அப்பிடித்தான் நினைச்சுக் கையை நீட்டினார். அப்பா குடுக்கேல்லை. தொண்டையைச் செருமி, மன்னாரில வாசகம் வாசிக்கிற அதே சத்தத்தில, மேரிகிறேஸ் எண்டார். பிறகு நித்தியானந்தன் எண்டார். ஒரு எழுத்தும் விழுங்கேல்லை. முழுச் சனமும் மற்றவைக்குச் சொன்ன மாதிரியே தங்கட பாசையில ஏதோ மறுமொழி சொல்லிச்சுது. எனக்குக் கண்ணில வெய்யில் பட்டிட்டுது.

திரும்பி வந்து பக்கத்தில நிண்டு, "உன்ர மருமோன்ர பேர் சரியான நீளம்" எண்டார்.

"உங்கட மருமோனுக்கும் அதுதான் பேர்" எண்டன்.

கோயில் முற்றத்தில ஆம்பிளையள் பெரிய கிடாரங்களில ஆட்டிறைச்சி காய்ச்சி வாறவை எல்லாருக்கும் குடுத்தவை. அப்பா ரெண்டு கோப்பை சாப்பிட்டவர். பின்னேரம் டெனிஷ்காரர் ஊர்ச்சனத்தோட கை கோத்து ஆடேக்க சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆடேல்லை, அவ்வளவுக்கு இன்னும் வரேல்லை.

குளிர் தொடங்க முதல் நல்ல கோட் வாங்கு, காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு. மடுமாதா உங்கள் ரெண்டு பேரையும் தன்ர கையுக்குள்ள வைச்சிருக்கட்டும். நீங்கள் ரெண்டு பேரும் நிக்கிற படம் ஒண்டு அனுப்ப மறக்காதை, நான் கேக்கேல்லை, அப்பா கேட்டவர். கடிதத்தின்ர அடியில தனக்கு ரெண்டு வரி இடம் விடச் சொன்னவர், விட்டிருக்கிறன்.

அன்புள்ள அம்மா,
பே. அருமைநாயகி

மருமகன் நித்தியானந்தனுக்கு என் சுகம் சொல்லவும். ஆட்டிறைச்சிக்கு உப்புக் குறைவு.
அப்பா, பேதுரு