வாட்ச்மேன் வேலை நமக்கு வேண்டாம்

என்னங்க,

சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். என்னை வேலைக்குக் கூட்டிப்போக அச்சாபீஸ் வேன் வந்துவிட்டது. கோபத்தில்தான் உங்களை எழுப்பவில்லை.

நேற்று சாப்பிடும்போது எங்க அண்ணன் என்ன சொன்னார்? "துப்பாக்கி பிடிக்கிற கைக்கு இன்டர்நெட்டுல படிப்பு எதுக்கு மாப்ள? ரிட்டயர் ஆனதும் பட்டாசு கம்பெனியில வாட்ச்மேனா இருங்க. பேசி வச்சிருக்கேன்." நீங்களும் "சரி மச்சான்" என்று தலையாட்டுகிறீர்கள்!

காஷ்மீர் குளிரில், டியூட்டி முடிந்தும் தூங்காமல் விசாரித்து, கம்ப்யூட்டரும் வியாபாரமும் சேர்ந்த அந்த டிகிரியைத் தேர்ந்தெடுத்தது யார்? அண்ணனா? "பட்டாளத்துல இருந்துக்கிட்டே படிச்சு முடிச்சிருதேன் மீனா, வெளிய வந்ததும் நாமளே ஒரு கம்பெனி வைப்போம்" என்று போனில் சொன்னீர்களே. அதை நம்பித்தானே, நீங்கள் லீவில் வரும்வரை நான் இங்கே தனியாக இருக்கிறேன்?

காலையில் அண்ணன் அந்தப் பட்டாசு கம்பெனி மேனேஜரைக் கூட்டி வருவார். டீ போட்டுக் கொடுங்கள். வேலை வேண்டாம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் நாரணாபுரத்தில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கே போய் நான் சொல்வேன். அது உங்களுக்கு மரியாதையாக இருக்காது.

பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படிப்பில் சேர்ந்துவிட்டு வாருங்கள். சாவியைப் பக்கத்து வீட்டுச் சம்சாத் அக்காவிடம் கொடுங்கள்.

பாண்டிமீனா

படிப்பில் சேரும்போது போட்டோ கேட்பார்கள். நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். கோபத்தோடு தேய்த்ததில் காலர் கொஞ்சம் கருகிவிட்டது. பரவாயில்லை, அதையே போடுங்கள். உங்களுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும்.